நானூறு கோடி ஆண்டு வழிநடந்த சாட்சி



மார்கழிக் குளிர் இறங்கத் தொடங்கும் ஓர் இரவில், இஷாத் தொழுகை முடிந்து, உண்டு ஓய்ந்தபின், மாடிக்குச் சென்று கிழக்குத் திசை நோக்கிச் சற்றே நில்லுங்கள். நூல் பிடித்து அடுக்கினாற்போல், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நட்சத்திரங்கள் நிற்பதைக் காண்பீர்கள். அவற்றுக்கு வலப்புறம் நீலவெண்மையாய்ச் சுடர்வது ரைஜல். இடப்புறம் செந்நிறமாய்க் கனல்வது நம் நாட்டுப் பஞ்சாங்கத்துத் திருவாதிரை. மேல்நாட்டார் அதனைப் பீட்டல்ஜூஸ் என்பர். மேல்நாட்டுப் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள்! 'யதுல் ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸா என்னும் உருவத்தின் கை என்பதே அதன் மூலம். லத்தீனில் பெயர்த்தெழுதியவர்கள், 'யா' எழுத்தின் கீழுள்ள இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளியாகக் கண்டு 'பா' என வாசித்துவிட்டார்கள். அந்தப் பிழை அப்படியே உலகப் பெயராக நிலைத்துவிட்டது. ரைஜல் என்பதும் 'ரிஜ்ல்', அதாவது கால் என்ற அரபுச் சொல்லேயாகும்.

திருவாதிரைக்குச் சற்று மேலே இன்னொரு வெண்ணிற நட்சத்திரம் இருக்கிறது. அதன் பெயர் பெல்லாட்ரிக்ஸ். கையை நீட்டிப் பிடித்து, அந்த நட்சத்திரத்திற்கு மேலே இரண்டு விரல் அகலம் அளந்து பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியாது. வெற்று இருள்தான். ஆனால் அந்த இருளுக்குள், நம்மிடமிருந்து ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில், நம் முகத்துக்கு நேராகத் திரும்பியிருக்கும் நெருப்புத் தாரை ஒன்று இருக்கிறது. அதன் பட்டியல் எண் டி.எக்ஸ்.எஸ். 0506+056. அந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் இட்டிருக்கும் பெயர் ப்ளேஸார்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இப்போது உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். வினாடிக்கு ஒன்று வீதம் மியூவான் என்னும் நுண்துகள் அதனை ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறப்பவை அவை. ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ் 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பலூனில் ஏறிச்சென்று இக்கதிர்களைக் கண்டறிந்தார். அவற்றுள் மிகு ஆற்றல் கொண்டவை எங்கிருந்து கிளம்புகின்றன? நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்தபாடில்லை. அந்த விடையின் ஒரு துண்டு, பெல்லாட்ரிக்ஸுக்கு மேலே உள்ள அந்த இருளில் இருக்கக்கூடும் என்பதே செய்தி.

பெயர் வந்த கதை

ஜெர்மனி நாட்டு வானியலார் ஹாஃப்மைஸ்டர் 1929ஆம் ஆண்டில் 'லாசெர்ட்டா' என்னும் பல்லி மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் ஒரு புள்ளியைக் கண்டார். அத்தகைய மாறு நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதுவும் அவற்றுள் ஒன்று எனக் கருதப்பட்டு, 'பி.எல். லாசெர்ட்டே' என்ற பெயரில் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது நட்சத்திரமாகவே பதிவேட்டில் உறங்கியது. 1968இல் ஜான் ஷ்மிட் என்பவர், வலிமை மிக்க வானொலி அலைகளை வீசும் ஒரு பொருளின் இடமும் இதன் இடமும் ஒன்றே எனக் காட்டியபோதுதான் விவகாரம் வெளிப்பட்டது. அது நட்சத்திரமே அன்று. நம் பால்வீதிக்கு வெகு அப்பால் உள்ள வேறோர் அண்டத்தின் நடுப்பகுதி!

அண்டம் என்றதும் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் பால்வீதியைப் போன்ற இன்னொரு பெரிய அண்டத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று, இஸ்பஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி அவர்கள் கி.பி. 964ஆம் ஆண்டளவில் எழுதிய நிலைபெற்ற நட்சத்திரங்கள் பற்றிய நூலில் உள்ளது. ஆந்த்ரோமீடா மண்டலத்தில் தெரியும் மங்கலான ஒளியைச் 'சிறு மேகம்' என அவர் குறித்துவைத்தார். தொலைநோக்கி பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், வெறுங்கண்ணால் கண்டு எழுதியது அது. கண்டதைக் கண்டவாறு எழுதி வைப்பதுதான் இக்கலையில் பாதி. மீதிப் பாதி, ஹாஃப்மைஸ்டரின் பதிவேட்டுக்கு நேர்ந்ததைப் போல, பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வது.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இப்பொருள்களைப் பற்றி நடந்த மாநாட்டில், எட்வர்டு ஸ்பீகல் என்பவர் பி.எல். லாசெர்ட்டே என்பதையும் குவேஸார் என்பதையும் இணைத்து, சுடர்விடுதல் என்ற பொருளும் தொனிக்கும்படி 'ப்ளேஸார்' என்ற சொல்லை விளையாட்டாகச் சொன்னார். அதுவே பெயராயிற்று.

தாரையும் கோணமும்

பெரிய அண்டங்களின் நடுவே, நம் சூரியனைப் போல் கோடிக்கணக்கான மடங்கு எடையுள்ள கருந்துளைகள் உள்ளன. பெரும்பாலானவை அமைதியாகக் கிடப்பவை. சிலவற்றின்மீது மட்டும் வாயு சுழன்று சுழன்று இறங்குகிறது. அவ்வாறு இறங்கும்போது காந்தக் கோடுகளையும் உடன் இழுத்து வருகிறது. கருந்துளையோ தானும் சுழல்கிறது. மத்திற் சுற்றிய கயிறு முறுக்கேறுவது போல் அக்கோடுகள் முறுக்கேறி, சுழலச்சின் இரு முனைகளிலும் பொருளையும் ஆற்றலையும் பீறிட்டு எறிகின்றன. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே இவ்வாற்றலைப் பறிக்க முடியும் என்பதைப் பிளாண்ட்ஃபோர்டு, ஸ்நாயெக் என்னும் இருவர் 1977இல் கணக்கிட்டுக் காட்டினர். இவ்வாறு எழும் தாரையை முதலில் கண்டவர் ஹீபர் கர்ட்டிஸ். 1918இல் எம்87 என்னும் அண்டத்தைப் படமெடுத்தபோது, அதன் மையத்திலிருந்து நேர்க்கோடாக ஒரு கதிர் நீண்டிருப்பதை அவர் குறித்தார். அது என்னவென்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. அதே எம்87இன் மையக் கருந்துளையின் நிழலைத்தான் 2019 ஏப்ரலில் உலகம் முழுவதும் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் கண்டது.

எம்87இன் தாரை நமக்குப் பக்கவாட்டில் சாய்ந்து செல்கிறது. ஆகவே அதன் நீளத்தைப் பார்க்க முடிகிறது. அதே தாரை நம்மை நோக்கியே பாய்ந்தால்? அதுதான் ப்ளேஸார். பொருளில் வேறுபாடில்லை, நாம் நிற்கும் இடத்தில்தான் வேறுபாடு. தெருவோரம் நிற்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும் காரின் முகப்பு விளக்கு, எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கிறதல்லவா? அது போலத்தான்.

ஆனால் இங்கே வெறும் விளக்கின் கூச்சத்தையும் விஞ்சிய ஒன்று நடக்கிறது. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குத் தெரியும்: நேராகக் கீழே விழும் மழைத்துளிகள்கூட, வண்டி வேகமெடுத்ததும் முன்னாலிருந்து முகத்தில் அறைவதாகத் தோன்றும். திசை மாறிவிட்டதாக நமக்குப் படுகிறது. ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காடு வேகத்தோடு தாரையில் விரையும் பொருள், தன்னளவில் எல்லாத் திசையிலும் ஒளியை வீசினாலும், அவ்வொளியின் பெரும்பகுதி முன்னோக்கிய குறுகிய கூம்பினுள் ஒடுங்கிவிடுகிறது. அக்கூம்புக்குள் இருப்பவருக்கு ஒவ்வோர் ஒளித்துகளின் ஆற்றலும் சுமார் பத்து மடங்கு உயர்ந்து தெரியும். மொத்த வெளிச்சமோ பத்தாயிரம் மடங்கு அளவுக்கு மிகுந்து தெரியும். நிகழ்ச்சிகளும் பத்தில் ஒரு பங்குக் காலத்திலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் தேவைப்படும்.

மூன்று நிமிடப் புதிர்

அமெரிக்காவின் காம்ப்டன் என்னும் விண்கோள் 1991 ஏப்ரலில் ஏவப்பட்டது. சில வாரங்களிலேயே, கன்னி மண்டலத்திலுள்ள 3சி 279 என்னும் ப்ளேஸாரிலிருந்து காமாக் கதிர்கள் வெள்ளமெனக் கொட்டுவதை அது கண்டது. ஒளியும் வானொலி அலையும் எக்ஸ் கதிரும் சேர்ந்து கொடுக்கும் ஆற்றலைவிட, காமாக் கதிராக மட்டும் வந்த ஆற்றல் மிகுதி! மறு ஆண்டே, அரிசோனாவின் மலையொன்றில் விப்பிள் நிலையத்தில் நிறுவப்பட்டிருந்த 10 மீட்டர் கண்ணாடியைக் கொண்டு, மார்க்கேரியன் 421 என்னும் ப்ளேஸாரிலிருந்து அதைவிட ஆயிரம் மடங்கு ஆற்றல் மிக்க காமாக் கதிர்கள் வருவதையும் கண்டனர். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்கோள் தன் முதல் எட்டாண்டுகளில் தொகுத்த பட்டியலில் காமாக் கதிர் தரும் பொருள்கள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை ப்ளேஸார் இனத்தவை.

ஆற்றல் கணக்கைச் சிறிது சொல்லிவிடுகிறேன். நம் கண் காணும் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். ஃபெர்மி காணும் காமாத் துகள்களோ கோடிக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் கொண்டவை. அரிசோனாவில் கண்டவை லட்சம் கோடியை எட்டுபவை.

இனி, ஓர் இரவின் கதையைக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டு ஜூலை 28. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலுள்ள 'ஹெஸ்' தொலைநோக்கிகள் (காஸ்மிக் கதிர் கண்ட அதே ஹெஸ்ஸின் பெயர்தான்) பி.கே.எஸ். 2155-304 என்னும் ப்ளேஸாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது 150 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. அன்று அதன் காமா ஒளி வழக்கத்தைப் போல் பல மடங்கு ஓங்கியது மட்டுமன்றி, மூன்று நிமிட இடைவெளிக்குள் இரு மடங்காகியும் அடங்கியும் துடித்தது.

இதில் வியப்பென்ன? கல்யாண ஊர்வலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் செல்பவர் நிற்கச் சொன்னதும் கடைசியில் வருபவர் உடனே நின்றுவிட முடியாது. சொல் அங்கே போய்ச் சேரவேண்டும். உலகில் எந்தச் சொல்லும் ஒளியைவிட வேகமாகப் போகாது. எனவே மூன்று நிமிடத்தில் ஒன்றுபட்டு மாறும் பொருள், ஒளி மூன்று நிமிடத்தில் கடக்கும் நீளத்தைவிடப் பெரிதாக இருக்க இயலாது. ஆனால் நூறு கோடிச் சூரியன் எடையுள்ள கருந்துளையின் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்! அடுப்பைவிடச் சிறிய இடத்திலிருந்து அடுப்பின் நெருப்பு முழுவதும் எவ்வாறு வரும்?

புதிர் அத்துடன் நிற்கவில்லை. காமாத் துகளும் சாதாரண ஒளித்துகளும் மோதினால் இரண்டும் மறைந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாஸிட்ரானுமாக மாறிவிடும். அத்தனை சிறிய இடத்தில் அத்தனை ஒளி நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், காமாத் துகள்கள் ஒன்றுகூட வெளியே வரமுடியாமல் அங்கேயே மாய்ந்துவிட வேண்டும். ஆனாலும் வந்தன, நமீபியாவில் எண்ணியும் விட்டார்கள்.

சற்று முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன மூன்றும் இங்கேதான் உதவுகின்றன. தாரை நம்மை நோக்கி ஒளி வேகத்தோடு பாய்வதால், உண்மையில் நீண்ட நேரம் நடந்தது சுருங்கித் தெரிகிறது; வெளிச்சம் மிகைப்பட்டுத் தெரிகிறது; துகளின் ஆற்றலும் கூடித் தெரிகிறது. தாரையோடு கூடவே பயணம் செய்பவருக்கு அவ்விடம் பெரியது, வெளிச்சம் அடக்கமானது, நெருக்கடியும் இல்லாதது. காமாத் துகள்கள் தப்பி வருவதே, அங்கே அத்தகைய வேகம் இருப்பதற்கான சான்றாகிறது. ஆயினும் மூன்று நிமிடத்தை விளக்கப் பத்து மடங்கு போதாது. ஐம்பது மடங்கு அல்லது அதற்கும் மேல் வேண்டும் என்றனர். அவ்வளவு வேகம் தாரையின் ஏதோ ஒரு சிறு முடிச்சில் மட்டும் எவ்வாறு வாய்த்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

எலக்ட்ரான் மட்டையடி

காமாக் கதிர் பிறக்கும் விதத்திற்கு வருவோம். தாரைக்குள் அதிர்ச்சி அலைகள் எழுகின்றன. காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இவ்வாறான இடங்களில் எலக்ட்ரான்கள் திரும்பத் திரும்ப உந்தப்பட்டுப் பேராற்றல் பெறுகின்றன. இவற்றுள் எது முதன்மையானது என்பது நெடுநாள் வாதம். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐ.எக்ஸ்.பி.இ. என்னும் விண்கோள், மறு ஆண்டு மார்க்கேரியன் 501 என்ற ப்ளேஸாரைக் கவனித்து, குறைந்தபட்சம் அங்கே அதிர்ச்சி அலையே காரணம் எனக் காட்டியது.

ஆற்றல் பெற்ற எலக்ட்ரான் காந்தப் புலத்தில் சுருள் சுருளாய்ச் சுற்றுகையில் வானொலி அலை முதல் எக்ஸ் கதிர் வரை வீசுகிறது. இது சின்க்ரோட்ரான் ஒளி. இதனோடு கதை முடிந்தால் காமாக் கதிருக்கு இடமில்லை. ப்ளேஸாரின் ஒளியை ஆற்றல் வரிசைப்படி வரைந்து பார்த்தால், ஒட்டகத்தின் முதுகைப் போல் இரண்டு திமில்கள் தெரிகின்றன. முதல் திமில் சின்க்ரோட்ரான். இரண்டாம் திமில் எது?

ஆர்தர் காம்ப்டன் 1923இல் ஓர் உண்மையை வெளியிட்டார். எக்ஸ் கதிர்த் துகள் ஓய்ந்திருக்கும் எலக்ட்ரான்மேல் மோதினால், துகள் ஆற்றலை இழக்கிறது. எலக்ட்ரான் அதனைப் பெற்று ஓடுகிறது. 1927இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு இது. ப்ளேஸாரில் நடப்பது இதன் தலைகீழ். அங்கே ஓடுவது எலக்ட்ரான். மெதுவாய் மிதந்து வருவது ஒளித்துகள். மெதுவாக வந்த பந்தை ஓங்கிய மட்டை எல்லைக்கு வெளியே அனுப்புகிறதே, அது போல எலக்ட்ரான் ஒளித்துகளை அடித்து அனுப்புகிறது. ஓய்வு ஆற்றலைப் போல் 10,000 மடங்கு ஆற்றல் உள்ள எலக்ட்ரான் அடித்தால், ஒளித்துகளின் ஆற்றல் 10,000 மடங்கன்று, அதன் வர்க்கமாகிய பத்துக் கோடி மடங்கு உயரும். எலக்ட்ரானின் கண்ணோட்டத்தில் எதிரே வரும் ஒளி ஒருமுறை 10,000 மடங்காகிறது; அடிபட்டுத் திரும்பி நம் கண்ணோட்டத்துக்கு வருகையில் மறுபடியும் ஒருமுறை. ஒரேயொரு எலக்ட்ரான் வோல்ட் உள்ள சாதுவான ஒளித்துகள், பத்துக் கோடி எலக்ட்ரான் வோல்ட் உள்ள காமாத் துகளாகிவிடுகிறது!

அடிபடும் அந்தப் பந்து எங்கிருந்து வருகிறது? மார்க்கேரியன் 421 போன்றவற்றில், எலக்ட்ரான்கள் தாமே வீசிய சின்க்ரோட்ரான் ஒளியைத் தாமே திரும்ப அடிக்கின்றன. சமைத்தவரே பரிமாறுவது போல! அதனால்தான் அங்கே எக்ஸ் கதிர் ஓங்கும்போது காமாக் கதிரும் உடன் ஓங்குகிறது. 3சி 279 போன்றவற்றிலோ கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வாயுக் கூட்டங்களும் சூடேறிய தூசியும் உண்டு. வெளியிலிருந்து வரும் அந்த ஒளியே அங்கே பந்து. பந்து மிகுதி என்பதால் காமாக் கதிரும் மிகுதி.

வழக்கின் மறுபக்கம்

இவ்வளவு பொருத்தமான விளக்கம் கிடைத்தபின் விஞ்ஞானிகள் நிம்மதியாக உறங்கியிருக்கலாம். ஆனால் 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1இ.எஸ். 1959+650 என்னும் ப்ளேஸாரில் காமாக் கதிர் திடீரென ஓங்கியபோது, உடன் ஓங்கியிருக்க வேண்டிய எக்ஸ் கதிர் அசையாமல் இருந்தது. 'அநாதைச் சீற்றம்' என்று பெயரிட்டனர். எலக்ட்ரான்தான் எல்லாம் செய்கிறது என்றால் இது எப்படி?

தாரையில் புரோட்டான்களும் இருக்கக்கூடும் என்பது மறு தரப்பின் வாதம். புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு எடையுள்ளது. அது எளிதில் ஆற்றலை இழக்காது. நெடுநேரம் உந்தப்பட்டு மிகப் பேராற்றல் பெறும். அத்தகைய புரோட்டான் ஒளித்துகளோடு மோதினால் பையான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. மின்னேற்றமற்ற பையான் உடனே சிதைந்து இரண்டு காமாத் துகள்களாகிறது. மின்னேற்றமுள்ள பையான் சிதைந்தால் நியூட்ரினோக்கள் வெளிப்படுகின்றன.

இங்கேதான் சிக்கல். எலக்ட்ரான் அடித்து வந்த காமாவா, பையான் சிதைந்து வந்த காமாவா என்று காமாத் துகளின் நெற்றியில் எழுதியிருப்பதில்லை. ஆனால் நியூட்ரினோ வந்துவிட்டால் மறுப்பதற்கில்லை. எலக்ட்ரானின் மட்டையடியில் நியூட்ரினோ பிறக்கவே பிறக்காது. புரோட்டான் அங்கே இருந்ததற்கு அதுவே நேரடிச் சாட்சி. புரோட்டான் இருந்தால், உங்கள் உள்ளங்கையை ஊடுருவும் மியூவானின் மூலக்கதையும் அங்கே தொடங்கியிருக்கலாம். காஸ்மிக் கதிர்கள் மின்னேற்றமுடையவை. வழியிலுள்ள காந்தப் புலங்களில் வளைந்து வளைந்து, புறப்பட்ட ஊரை மறந்து வந்து சேர்பவை. அவற்றிடம் விசாரித்துப் பயனில்லை. நியூட்ரினோ வளையாது, நிற்காது, மறையாது. செய்தித்தாள்கள் அதனைப் 'பேய்த் துகள்' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. பார்த்ததைத் திரிக்காமல் வந்து சொல்லும் ஒன்றைப் பேய் என்பானேன்?

பனிக்கட்டிக்குள் ஒரு கீற்று

பிடிப்பதுதான் கடினம். தென்துருவத்தில் பனிப்பாறைக்குள் சுமார் 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு, 86 கம்பிவடங்களில் 5,160 ஒளியுணரிகளைக் கட்டி இறக்கியிருக்கிறார்கள். ஒரு கன கிலோமீட்டர் பனியே அங்கே கருவி! ஐஸ்கியூப் எனப்படும் அந்நிலையம் 2010 டிசம்பரில் நிறைவு பெற்றது. எப்போதாவது ஒரு நியூட்ரினோ பனியில் மோதி மியூவானை உண்டாக்கினால், அது ஓடும் வழியெல்லாம் நீல ஒளிக்கீற்று மின்னும்.

2017 செப்டம்பர் 22. அத்தகைய கீற்று ஒன்று மின்னியது. அதனை உண்டாக்கிய நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 290 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் எனக் கணித்தனர். அன்றைக்கு உலகின் மாபெரும் துகள் முடுக்கியில் ஒரு புரோட்டானுக்கு ஊட்டப்பட்ட ஆற்றலைப் போல் நாற்பது மடங்குக்கும் அதிகம் அது. 43 வினாடியில், மனிதக் கை படாமலே, உலகெங்கும் உள்ள தொலைநோக்கி நிலையங்களுக்கு எச்சரிக்கை பறந்தது: இந்தத் திசையில் பாருங்கள்!

அந்தத் திசைதான் பெல்லாட்ரிக்ஸுக்கு அருகிலுள்ள, நீங்கள் இரண்டு விரலால் அளந்த இருள். சில நாள்களில் ஃபெர்மி விண்கோளின் குழுவினர், அங்குள்ள டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்னும் ப்ளேஸார் சில மாதங்களாகவே காமாக் கதிரில் சீறிக்கொண்டிருப்பதை அறிவித்தனர். ஸ்பெயினுக்குரிய லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகளும் அதனைக் கண்டன. 2018 ஜூலையில் முடிவுகள் வெளியாயின. தற்செயலாக இவ்விரண்டும் ஒன்றிப்போயிருக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சியோடு ஒரு குழப்பமும் உடன் வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 2014 செப்டம்பருக்கும் 2015 மார்ச்சுக்கும் இடையே அதே திசையிலிருந்து பதின்மூன்று நியூட்ரினோக்கள் அளவுக்குக் கூடுதலாக வந்திருந்தது தெரிந்தது. ஆனால் அக்காலத்தில் அந்தப் ப்ளேஸாரின் காமாக் கதிர் ஓங்கவே இல்லை! ஒரே பிறப்பில் பிறக்க வேண்டிய இரட்டையருள் ஒருவர் மட்டும் வந்த கதை. யோசித்துப் பார்த்தால் இதற்கும் ஒரு வழி உண்டு. புரோட்டான்கள் மோதி நியூட்ரினோ மிகுதியாகப் பிறக்க, ஒளித்துகள் நெருக்கம் வேண்டும். அதே நெருக்கத்தில்தான் காமாத் துகள்கள் மாய்ந்துபோகும் என்று முன்னரே பார்த்தோம். அப்படியாயின் காமா மிகுதியாக வரும் நேரமும் இடமும் வேறு, நியூட்ரினோ மிகுதியாக வரும் நேரமும் இடமும் வேறு என்றாகிறது. 2022இல் ஐஸ்கியூப் குழுவினர் என்.ஜி.சி. 1068 என்னும் அண்டத்திலிருந்து நியூட்ரினோக்கள் வருவதாக வெளியிட்ட சான்றும் இதே பக்கம் சாய்கிறது. அது ப்ளேஸார் அன்று. அதிலிருந்து எதிர்பார்த்த பேராற்றல் காமாக் கதிரும் காணவில்லை.

மறுபுறம், எலக்ட்ரான் தரப்புக்கும் வலுவான ஆவணம் கிடைத்தது. ஒளி அலைகள் ஒரே போக்கில் அதிரும் தன்மையை முனைவாக்கம் என்பர். போலராய்டு கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது அறிமுகமானதே. புரோட்டான்களே எக்ஸ் கதிரைத் தந்தால் அதன் முனைவாக்கம் மிகுதியாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் அடித்துத் தந்தால் குறைவாக இருக்க வேண்டும். 2023 நவம்பரில், ஹாஃப்மைஸ்டர் நட்சத்திரமென எண்ணிய அதே பி.எல். லாசெர்ட்டேயின் காண்ஒளி முனைவாக்கம் 47.5 விழுக்காடு வரை ஏறியது. அப்போது அதன் எக்ஸ் கதிர் முனைவாக்கமோ 7.6 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இரண்டாம் திமிலின் அடிவாரம் அங்கே எலக்ட்ரானுக்குத்தான் சொந்தம் என்பது ஏறத்தாழத் தீர்ந்தது. என் எளிய கருத்து: பெரும்பாலான காமாக் கதிர் எலக்ட்ரானின் கைவேலைதான், புரோட்டான் அங்கே இருந்தும், வெளிச்சத்தில் அதிகம் தலைகாட்டாமல் ஒதுங்கியிருக்கிறது. இதை மறுப்போரும் உண்டு. அவர்களிடமும் கணக்கு இருக்கிறது.

2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலித் தீவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் கட்டப்பட்டுவரும் கே.எம்.3நெட் கருவியில், 2017இல் வந்ததைப் போல் எழுநூறு மடங்குக்கும் மேல் ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒன்று பதிவாயிற்று. அது வந்த திசையில் ப்ளேஸார்கள் பல இருக்கின்றன. எதன் சாட்சி அது என்று உறுதியாக எவரும் கைகாட்டவில்லை.

நம் நாட்டவரும் இவ்விசாரணையில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். காமாத் துகள் தரையை எட்டுவதில்லை. மேலே வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாகச் சிதறுகையில், வினாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிற்கும் நீல மின்னல் ஒன்றை உண்டாக்குகிறது. அம்மின்னலைப் பிடிக்க, 1970களிலேயே நம் உதகமண்டலத்துக் குளிரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் குழிக்கண்ணாடிகளை வானுக்குத் திருப்பி வைத்துக் காத்திருந்தனர். பின்னர் லடாக்கின் ஹான்லே சிற்றூரில், 2008 முதல் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹகார் நிலையம் இயங்கத் தொடங்கி, 2010 பிப்ரவரியில் மார்க்கேரியன் 421 சீறியதைப் பதிவு செய்தது. அதே ஹான்லேயில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியுடன் 'மேஸ்' என்னும் பெரிய தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. மார்கழி இரவில் நீங்கள் மாடியில் நின்று ஜவ்ஸாவின் கையைத் தேடும் அதே நேரம், உறைபனிக்கு நடுவே அந்தக் கண்ணாடியும் விழித்திருக்கும்.